கிளட்ச் மாற்றிய பிறகு திணறிய செல்ஃப்: ஒரு கோளாறைத் தேடிப் பிடித்த விவரம்

பதினைந்து வருடம் ஓடிய சின்ன கார் அது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், கேபிளில் இயங்கும் கிளட்ச். கிளட்ச் தேய்ந்துபோய், மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் உறும, வண்டி நகரத் தயங்கிய நிலையில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார் உரிமையாளர். கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிளட்ச் கேபிள் நான்கையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலை நன்றாகவே நடந்திருந்தது. பெடல் லேசாக இருந்தது, வண்டி அதிராமல் கிளம்பியது. கிளட்ச் பற்றி எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் மறுநாள் காலையிலேயே செல்ஃப், அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டார், மெதுவாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. குளிரில் விறைத்த எஞ்சின் போல உர்... உர்... என்று இழுத்து, ஒருவழியாக ஸ்டார்ட் ஆகும். அந்த வாரத்துக்குள் ஸ்டார்ட் செய்யும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. புது கிளட்ச் அப்படித்தான் கொஞ்ச நாள் வாடை அடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான பதில்தான். புது கிளட்ச் பிளேட் பழகும்வரை வாடை வருவது உண்டு. இரண்டாவது வாரம் வேறொரு விசித்திரம்: இரவில் ஹெட்லைட் போட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலிருந்து முக்கால் வரை ஏறும், அணைத்தால் இறங்கிவிடும். மூன்றாவது வாரம் கியர் லீவர் இறுக ஆரம்பித்தது. நான்காவது வாரம் ஒரு காலை, வண்டி அசையவே இல்லை.

ஒவ்வொரு குறைக்கும் பட்டறையில் ஒவ்வொரு பதில் கிடைத்திருக்கிறது. செல்ஃப் இழுக்கிறதா, பேட்டரி பழசு, புதுசு போட்டார்கள். முள் ஏறுகிறதா, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு), அதையும் மாற்றினார்கள். புது பேட்டரியும் பத்து நாளில் சோர்ந்தபோது ஸ்கேனரைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். P-வரிசையில் 0562 என்ற கோளாறு எண் வந்திருக்கிறது. மின்னமைப்பின் வோல்டேஜ் குறைவு என்பது அதன் பொருள். உடனே, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்தார்கள். கியர் இறுக்கத்துக்கு, கியர்பாக்ஸை மறுபடி இறக்கிப் பார்க்கவேண்டியிருக்கும் என்றார்கள். அந்த இடத்தில்தான் உரிமையாளர் பயந்துபோய் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். "எல்லாமே கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது. ஒண்ணு சரியானா இன்னொண்ணு வருது" என்றார்.

அந்த வார்த்தையை நான் அப்படியே குறித்துக்கொண்டேன். இது மாதிரி வண்டிகளில் உரிமையாளரின் நினைவுதான் எனக்கு முதல் கருவி. என்ன நடந்தது என்பதைவிட, எது எதற்குப் பிறகு நடந்தது என்பது முக்கியம். வேலைக்கு முன்பு செல்ஃப் எப்படி இருந்தது என்று கேட்டேன். "தொட்டா போதும், எடுத்துடும்" என்றார். கியர்? வெண்ணெய் மாதிரி விழும் என்றார். முள்? ஒருநாளும் நடுவைத் தாண்டியதில்லை. ஆக, நான்கு வாரத்தில் நான்கு தனித்தனி உறுப்புகள் தற்செயலாக ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன என்று நம்பவேண்டும். இல்லையென்றால் ஒரே காரணம் நான்கு முகம் காட்டுகிறது என்று நம்பவேண்டும்.

கைபட்ட இடங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இந்த வண்டியில் கியர்பாக்ஸை இறக்கவேண்டுமென்றால் எதையெல்லாம் கழற்றியாக வேண்டும் என்று எழுதினேன். பேட்டரி, அது உட்காரும் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, இரண்டு கியர் கேபிள்கள், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்சின் கனெக்டர், வேக சென்சாரின் கனெக்டர், செல்ஃப் மோட்டார், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், இடதுபக்க மவுண்டிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பாடியில் தாங்கும் ரப்பர் பிடிப்பு), கீழே ஒரு தாங்கு மவுண்டிங், பேட்டரி தட்டின் அருகிலிருந்து கியர்பாக்ஸ் உறைக்கு வரும் எர்த் பட்டை (மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). இவ்வளவும் ஒருமுறை கழன்று மறுபடி மாட்டப்பட்டிருக்கின்றன. அதாவது, தவறு நடந்திருக்கக்கூடிய இடங்களும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

பக்கத்தில் நான்கு குறைகளையும் எழுதி, பட்டியலில் உள்ள எந்த ஒரு பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட குறையை விளக்கும் என்று பார்த்தேன். செல்ஃப் மோட்டார் கெட்டிருந்தால் முள் ஏன் ஏறவேண்டும்? கியர் கேபிளைத் தவறாக மாட்டியிருந்தால் பேட்டரி ஏன் சாகவேண்டும்? எல்லாவற்றையும் தொடக்கூடியது எர்த் மட்டும்தான். ஆனால் பட்டறைக்குப் போன் செய்து கேட்டபோது, "எர்த் எல்லாம் செக் பண்ணிட்டோம், பீப் வருது" என்று உறுதியாகச் சொன்னார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே மின்பாதை அறுபடாமல் இருந்தால் மீட்டர் எழுப்பும் சத்தம்தான் அந்தப் பீப். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பீப் வந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வேலைக்குப் பிறகு வந்தது என்பதாலேயே வேலையால் வந்தது என்று முடிவுகட்டக்கூடாது. உரிமையாளர் ஐந்தாவதாக ஒரு குறையும் சொன்னார்: பின்னால் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. அதுவும் கிளட்ச் வேலையின் விளைவுதான் என்று நினைத்திருந்தார். பார்த்தால் பல்ப் ஃபிலமென்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான். இந்தப் பல்பை மற்ற நான்கோடு சேர்த்துக் குழப்பியிருந்தால் பின்பக்க ஒயரிங்கையெல்லாம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அளவுகள்

முதலில் பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் போட்டேன். சார்ஜ் இறங்கிய பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவும் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். காலையில் ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் காட்டியது. ஈய அமில பேட்டரி முழுதாக நிறைந்திருக்கிறது என்பதற்கான அளவு அது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி.

அடுத்து, எரிபொருள் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றும்படி செய்தேன். ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றவில்லை, நடுவில் ஓய்வு கொடுத்தேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் கம்பத்தின்மேலேயே வைத்தேன். கேபிள் கிளாம்ப்பின்மேல் வைக்கக்கூடாது. கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலேயே நஷ்டம் இருக்கலாம். செல்ஃப் உர்... உர்... என்று இழுத்துக்கொண்டிருந்தபோது மீட்டர் காட்டியது 11.3 வோல்ட்.

இந்த ஒரு எண்ணுக்காகவே இந்த வழக்கை எழுதத் தோன்றியது. செல்ஃப் மெதுவாகச் சுற்றும்போது மூன்று சாத்தியங்கள் உண்டு. பேட்டரி பலவீனம் என்றால் வோல்டேஜ் சரிந்து விழும், 9.6க்கும் கீழே போகும். செல்ஃப் மோட்டார் உள்ளே இறுகியிருந்தால், அது அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கும். அப்போதும் பேட்டரி வோல்டேஜ் நன்றாக இறங்கும். இரண்டுமில்லாமல், செல்ஃப் திணறுகிறது, ஆனால் பேட்டரி சுகமாக 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது என்றால், பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். நடுவழியில் எங்கோ தடை இருக்கிறது. பேட்டரி மாற்றும் முன் யாராவது இந்த ஒரு அளவை எடுத்திருந்தால், அந்தப் பேட்டரியை மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஒயரைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரைப் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மாட்டினேன். 110 ஆம்பியர். சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு அது குறைந்த பக்கத்தில்தான் இருக்கிறது. இறுகிய மோட்டார் இன்னும் எவ்வளவோ இழுத்திருக்கும். (கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்களுக்கு: ஏசி மட்டும் அளக்கிற மாடல் காரில் எதற்கும் உதவாது. டிசியும் அளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.)

அப்புறம் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலில் சிவப்பு முனை, மோட்டாரின் உடம்பில் கறுப்பு முனை. 7.4 வோல்ட். பேட்டரி 11.3 கொடுக்கிறது, மோட்டாருக்கு 7.4 வருகிறது; 3.9 வோல்ட் காணோம். 1845ல் கிர்க்காஃப் சொன்ன விதி இந்த வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஒரு சுற்றில் மூலம் கொடுக்கிற வோல்டேஜும் வழியில் செலவாகிற வோல்டேஜும் சரிசமமாக வந்தே தீரவேண்டும். கணக்கு இடித்தால் இன்னும் ஓர் இடத்தை நாம் அளக்கவில்லை என்று அர்த்தம்.

எனவே மீதி இரண்டு பக்கத்தையும் அளந்தேன். பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப்பின் பெரிய டெர்மினல் வரை, சுற்றும்போது 0.3 வோல்ட். நல்ல அளவு; அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து எஞ்சின் பிளாக் வரை 3.6 வோல்ட். மூன்றையும் கூட்டினால் 0.3, 7.4, 3.6, மொத்தம் 11.3. கணக்கு நேரானது. குற்றவாளி எர்த் பக்கம்.

அந்தப் பக்கத்தையும் இரண்டாகப் பிரித்தேன். இந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவ் கேபிள் பாடிக்கு வருகிறது. பாடியிலிருந்து ஒரு பின்னல் பட்டை கியர்பாக்ஸுக்குப் போகிறது. நெகட்டிவ் கம்பத்திலிருந்து பாடி வரை 0.1 வோல்ட்தான். பாடியிலிருந்து எஞ்சின் வரை 3.5. ஆக, பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில்.

எஞ்சின் பாடிமேல் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் பட்டைதான் இரண்டுக்கும் பாலம்.

பட்டை இருந்தது

டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டை இருந்தது. அறுபடவில்லை, துருவில்லை, இரண்டு முனைகளிலும் போல்ட் இறுக்கமாக இருந்தது. ஸ்பேனர் போட்டு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பீப் சோதனையும் செய்தேன். முனைக்கு முனை பீப் வந்தது. பட்டையின் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கும் பீப் வந்தது. பட்டறைக்காரர் சொன்னது முழுக்க உண்மை.

பீப் ஏன் ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். மின்தடையை அளக்கும்போது மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. செல்ஃப் கேட்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர். பின்னலில் நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், பீப் அடிக்கும். இந்த வண்டியில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த தடையை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.5 வோல்ட்டை 110 ஆம்பியரால் வகுத்தால் 0.03 ஓமுக்குச் சற்று மேல். மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. எந்தக் கைமீட்டரும் ஓம் அளவில் அதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் அந்தச் சின்னத் தடைதான் 110 ஆம்பியர் பாயும்போது 3.5 வோல்ட்டைத் தின்கிறது. லோடு ஓடும்போது வோல்டேஜ் நஷ்டத்தை அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, பின்னலுக்குள் துரு பிடித்திருக்கும் என்று நினைத்தேன். பட்டையின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்து, செல்ஃப்பைச் சுற்றினேன். 0.00 வோல்ட்.

இங்கே நான் அரைமணி நேரம் தடுமாறினேன். நஷ்டமே இல்லாத பட்டை என்றால் தங்கமான பட்டை. அப்படியென்றால் நஷ்டம் பட்டைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கவேண்டும், பெயின்ட் அடித்த பரப்பில் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக் கழற்றப் போனேன். கையில் ஸ்பேனரை எடுத்த பிறகுதான் உறைத்தது: நல்ல பட்டை என்றாலும் 100 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால் நூறில் சில பங்கு வோல்ட்டாவது காட்டவேண்டும். துல்லியமாகப் பூஜ்யம் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதில் மின்னோட்டமே இல்லாவிட்டாலும் பூஜ்யம்தான் வரும்.

கிளாம்ப் மீட்டரைப் பட்டையைச் சுற்றி மாட்டிச் சுற்றினேன். பூஜ்யம் ஆம்பியர்.

பேட்டரியிலிருந்து 110 ஆம்பியர் கிளம்புகிறது, செல்ஃப் சுற்றத்தான் செய்கிறது, ஆனால் அதற்கென்று வைத்த பாலத்தில் ஒன்றுமே போகவில்லை. அப்படியானால் எதன் வழியாகத் திரும்புகிறது? பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உலோகமாக இருக்கிற ஒவ்வொன்றையும் கிளாம்ப்புக்குள் கொண்டுவந்தேன். இரண்டு கியர் கேபிள்களையும் சேர்த்துப் பிடித்தபோது 72. கிளட்ச் கேபிளில் 24. மீதி 14 ஆம்பியர் எஞ்சின் ஒயரிங்கின் சின்ன எர்த் ஒயர்கள், சைலன்சர் குழாய், டிரைவ் ஷாஃப்ட் என்று சிதறிப் போயிருக்கவேண்டும்.

கியர் கேபிளின் வெளி உறை வெறும் பிளாஸ்டிக் இல்லை. உள்ளே சுருட்டிய எஃகுக் கம்பி இருக்கிறது. ஒரு முனை கியர்பாக்ஸின் பிராக்கெட்டில், மறுமுனை கியர் லீவரின் அடித்தட்டில், அதாவது பாடியில். எஞ்சினிலிருந்து பாடிக்கு ஓர் உலோகப் பாதை. 3.5 வோல்ட்டை 72 ஆம்பியரால் பெருக்கினால் 250 வாட் தாண்டுகிறது. நாலு பெரிய சாலிடரிங் அயர்னை அந்தக் கேபிளுக்குள் நுழைத்த மாதிரி, ஒவ்வொரு ஸ்டார்ட்டின்போதும். கருகல் வாடை எங்கிருந்து வந்தது, கியர் ஏன் இறுகியது என்ற இரண்டு கேள்வியும் அங்கேயே முடிந்துவிட்டன. கேபிளின் உள்ளே வழுக்கிச் செல்வதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகிக் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கியிருந்தால், அதற்குள் ஒன்றும் கிடைத்திருக்காது.

அதன் பிறகு பட்டையை மறுபடி பார்த்தேன். இந்த முறை இறுக்கத்தைப் பார்க்கவில்லை, எங்கே போய்ச் சேருகிறது என்பதை விரலால் தொடர்ந்தேன். ஒரு முனை பேட்டரி தட்டின் அருகே பாடியில். மறுமுனை இடது மவுண்டிங்கின் பிராக்கெட் போல்ட்டில். அந்த மவுண்டிங்கில் இரண்டு பிராக்கெட்டுகள் உண்டு. ஒன்று கியர்பாக்ஸோடு சேர்ந்தது, இன்னொன்று பாடியோடு சேர்ந்தது, நடுவில் ரப்பர். பட்டை பாடிப் பக்கத்துப் பிராக்கெட்டில் இருந்தது. அதன் இரண்டு முனையும் பாடியில்தான். பாலத்தின் இரண்டு காலும் ஒரே கரையில்.

இருக்கவேண்டிய இடம் அங்கிருந்து ஒரு சாண்கூட இல்லை. கியர்பாக்ஸ் உறையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட்டில் (மரையிட்ட கம்பியில்) நட் மட்டும் இறுக்கப்பட்டிருந்தது. அதன் அடியில், பட்டையின் முனை பல வருடம் உட்கார்ந்திருந்த வட்டத் தடம் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. என் கணக்கு தவிர்த்து, வண்டியே கொடுத்த சாட்சி அது.

இது தனிப்பட்ட கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி தட்டு கடைசியில்தான் மாட்டப்படும். அதுவரை பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே சரியான அளவில் ஒரு போல்ட், பட்டையின் நீளமும் ஒத்துவருகிறது. பழைய படம் கையில் இல்லாதபோது யார் கையும் அங்கே போகும். எதையும் மறந்து விட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இடம் மாறி மாட்டியது கண்ணில் படாது. வீல் பேரிங் வேலைகளிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. இப்போதைய பல பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலில் காந்த வளையம் இருக்கிறது; வேக சென்சார் அதைத்தான் படிக்கிறது. பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் சக்கரம் சத்தமில்லாமல் அருமையாகச் சுற்றும், ஆனால் சென்சாருக்கு எதிரே காந்தம் இருக்காது, ஏபிஎஸ் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு எரியும். புது சென்சார் போட்டும் அணையாது.

முள்ளும் பேட்டரியும்

இடத்தை மாற்றுவதற்கு முன் நிரூபித்துவிட விரும்பினேன். தடிமனான ஜம்பர் கேபிளை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்குக் கொடுத்தேன். செல்ஃப் துள்ளிச் சுற்றியது. கேபிளை எடுத்தேன், பழைய இழுப்பு திரும்பியது. மறுபடி கொடுத்தேன், மறுபடி துள்ளியது. கோளாறை வரவழைக்கவும் போக்கவும் நம் கையால் முடிந்தால்தான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் ஒத்துக்கொள்வேன்.

ஜம்பர் கேபிள் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் கொடுக்கும்படி செய்தேன். ஆல்டர்னேட்டரின் டெர்மினலிலிருந்து அதன் உடம்புக்கு 14.3 வோல்ட். குறையே இல்லாத ஆல்டர்னேட்டர். ஆனால் பேட்டரியில் 13.1தான் இருந்தது. பாசிட்டிவ் பக்கம் 0.1 நஷ்டம், மீதி 1.1 எர்த் பக்கம். 13.1 வோல்ட்டில் ஈய அமில பேட்டரி ஒழுங்காக நிறையாது. அதற்கு 14 வோல்ட் சுற்றுவட்டாரம் வேண்டும். தினமும் கொஞ்சம் கடனில் ஓடி, பத்து நாளில் சோர்ந்திருக்கிறது. ஸ்கேனர் காட்டிய 0562 எண்ணும் இதைத்தான் சொன்னது. அது வோல்டேஜ் குறைவு என்றது. ஆல்டர்னேட்டர் கெட்டது என்று சொல்லவில்லை. அந்தத் தாவலை நாம்தான் செய்கிறோம்.

இதில் ஒரு நுணுக்கம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவிலிருந்து பார்த்தால் எஞ்சின் பிளாக் 3.6 வோல்ட் மேலே நின்றது. எஞ்சின் ஓடும்போது அதே மீட்டர், அதே முனைகள், ஆனால் மைனஸ் 1.1 காட்டியது. மின்னோட்டத்தின் திசை மாறுவதுதான் காரணம். செல்ஃப் சுற்றும்போது எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்புகிறது. ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது விளக்குகளிலிருந்து வந்தது பாடியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பவேண்டும். மைனஸ் குறியைப் பார்த்து முனையை மாற்றி வைத்துவிட்டோமோ என்று பலர் சந்தேகப்படுவார்கள். இல்லை, அது சரியான அளவு.

அந்த மைனஸ்தான் முள்ளின் மர்மத்தையும் அவிழ்த்தது. இந்த வண்டியில் டேஷ்போர்டு முள்ளுக்கென்று தனியாக ஒரு சென்சார் இருக்கிறது, ஒற்றை ஒயர் கொண்டது. அதன் எர்த் எஞ்சின் பிளாக்தான். சூடு ஏற ஏற அதன் தடை குறையும், ஒயரில் வோல்டேஜ் இறங்கும், முள் ஏறும். ஹெட்லைட் போட்டதும் பிளாக்கே ஒரு வோல்ட் கீழே இறங்கிவிடுகிறது; முள்ளுக்கு அது சூடு ஏறியதாகத்தான் தெரியும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு வேறொரு இரண்டு ஒயர் சென்சார் இருக்கிறது. அதன்படி எஞ்சின் சூடு 91 டிகிரியில் அசையாமல் நின்றது, முள் மட்டும் முக்காலுக்குப் போய்வந்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

சரிசெய்தது

வேலையே பத்து நிமிடம்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பட்டையைப் பிராக்கெட்டிலிருந்து எடுத்து, இரண்டு முனைகளையும் ஸ்டட்டின் அடிப்பரப்பையும் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, பழைய தடத்தின் மேலேயே உட்காரவைத்து நட்டை இறுக்கினேன்.

மறுபடி எல்லா அளவும் எடுத்தேன். செல்ஃப் சுற்றும்போது 140 ஆம்பியர், பேட்டரியில் 10.9 வோல்ட். முன்பைவிடப் பேட்டரி வோல்டேஜ் குறைந்திருக்கிறது, ஆனால் அதுதான் ஆரோக்கியம். இப்போதுதான் மோட்டார் தனக்கு வேண்டியதை எடுக்கிறது. எர்த் பக்கம் மொத்தம் 0.2, பாசிட்டிவ் பக்கம் 0.4, செல்ஃப்புக்கு 10.3. எஞ்சின் ஓடும்போது எல்லா லோடும் போட்டுப் பேட்டரியில் 14.1. ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன், முள் நடுவிலேயே இருந்தது. கியர் கேபிள்களைக் கிளாம்ப்பால் பிடித்தேன். செல்ஃப் சுற்றும்போது ஓர் ஆம்பியருக்கும் குறைவு.

கியர் கேபிள்கள் இரண்டையும் மாற்றவேண்டியிருந்தது. கழற்றிய கேபிளை நீளவாக்கில் வெட்டி உரிமையாளருக்குக் காட்டினேன். உறை வெளியே நன்றாக இருந்தது, உள்குழாய் பழுப்பாகி இரண்டு மூன்று இடத்தில் கம்பியோடு ஒட்டியிருந்தது. ஈசியூவின் எர்த் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன், அதுதான் எனக்கு இருந்த பெரிய கவலை. ஒரு ஒயரின் பிளாஸ்டிக் உறை விறைத்துப் போயிருந்தது. பக்கத்து ஒயர்களோடு அது உரசி ஒட்டவில்லை என்பதைப் பார்த்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் புது ஒயர் சேர்த்தேன். பேட்டரி புதுசு என்பதால் பிழைத்துக்கொண்டது; ஒரு முழுச் சார்ஜ் போதுமானதாக இருந்தது.

பட்டறை மெக்கானிக்கை உரிமையாளர் முன்னிலையிலேயே வரச்சொன்னேன். வந்தார், பட்டையின் புது இடத்தையும் பழைய இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பீப் வந்துச்சே" என்றார் மெதுவாக. மீட்டரை அவர் கையில் கொடுத்து, பட்டையைக் கழற்றிப் பழையபடி பாடி பிராக்கெட்டில் மாட்டி, செல்ஃப் சுற்றும்போது பிளாக்குக்கும் நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே அவரையே அளக்கச் செய்தேன். கியர் கேபிள்கள் இன்னும் மாட்டாத நேரம் அது. மற்ற வழிகள் மட்டும்தான் இருந்தன. செல்ஃப் ஒருமுறை டக் என்றது, சுற்றவில்லை. மீட்டர் 5 வோல்ட்டைத் தாண்டியது. ஒரு விநாடியில் நிறுத்தச் சொன்னேன். அவர் தன் போனில் பட்டையின் சரியான இடத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. காலையில் ஓய்வு நிலையில் 12.6, கோளாறு எண் எதுவும் பதிவாகவில்லை, கியர் விரலுக்கு விழுகிறது. கிளட்ச் கேபிளை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அது வேலையின்போது போட்ட புதுக் கேபிள், ஆனால் நாலு வாரம் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் 24 ஆம்பியரைச் சுமந்திருக்கிறது. பெடல் இப்போது லேசாகத்தான் இருக்கிறது, உறையில் நிறமாற்றமும் இல்லை. பெடலில் கொஞ்சம் கனம் தெரிந்தாலும் ஓட்டாமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆறு மாதத்தில் கழற்றிப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.